நான் வந்து நின்னாத்தான் விடணும்

பயிற்சியில் உங்களுக்கு நிறையச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வண்ண அட்டை வெட்டுவது, பாட்டுப் பாடிக் கணக்கு நடத்துவது, பாடக்குறிப்பு எழுதுவது எல்லாம் உங்களுக்கு அத்துப்படியாக இருக்கும். அதிலெல்லாம் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக் கேட்டில் எப்படி நிற்பது என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லித் தரவில்லை. சிவகாசிக்கு வெளியே, நாரணாபுரம் பக்கம் இருந்த ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன், என் வேலையில் மிகக் கடினமான நேரம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற நேரம் இல்லை, கேட்டில் நின்ற ஒரு மதியம்தான்.

எங்கள் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். மாதா சொரூபம் வைத்த கெபிக்கு முன்னால் காலைச் செபம் நடக்கும். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் நெற்றி நிறையத் திருநீறோடு நின்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லும். அதை யாரும் அழிக்கச் சொன்னதில்லை. பெற்றோர் அநேகமாக வெடி ஆபீசிலோ தீப்பெட்டி ஆபீசிலோ வேலை பார்ப்பவர்கள். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். செபம் முடிந்ததும் வரிசையில் நகம் பார்ப்போம். மற்ற ஊர்களில் அது சுத்தத்துக்காகச் செய்வது. எங்களுக்கு அதில் இன்னொரு வேலையும் இருந்தது. விரலிடுக்கில் பசை காய்ந்திருந்தால், நகத்துக்கடியில் வெடிமருந்து ஏறியிருந்தால், பிள்ளையை யாரோ வேலைக்கு உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதட்டினால் பிள்ளை வாயைத் திறக்காது. பெற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசுவோம்.

தீபாவளி சீசன் வந்துவிட்டால் கேட்டில் தொல்லை தொடங்கிவிடும். ஆர்டர் குவியும், ஆள் பற்றாது, சரவெடிக்குச் சரம் பின்னச் சின்ன விரல்கள் வேகமாக ஓடும். பள்ளி நேரத்தில் மாமன், சித்தப்பன் என்று யாராவது வந்து நிற்பார்கள். தாத்தா இறந்துவிட்டார், அத்தைக்கு முடியவில்லை, உடனே பிள்ளையை அனுப்புங்கள் என்பார்கள். ஒரே தாத்தா ஒரே சீசனில் இரண்டு முறை இறந்த கதையெல்லாம் எங்கள் பள்ளியில் உண்டு. அதனால்தான் தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டர் ஒரு விதி போட்டார். மாலை மணி அடிக்கும்முன் பிள்ளையைத் தாயோ தகப்பனோ நேரில் வந்தால்தான் அனுப்ப வேண்டும். விதி போட்டதும் சிலர் எங்களைத் திட்டினார்கள். சிஸ்டர் காது கேட்காதவர்போல் இருந்துவிட்டார்.

நான்காம் வகுப்பில் முத்துச்செல்வி என்றொரு பெண் இருந்தாள். தாய் பேச்சியம்மாள் வெடி ஆபீசில் வேலை பார்த்தாள். தகப்பன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பவில்லை. பேச்சியம்மாள் மகளோடு தன் தம்பி பாண்டியின் வீட்டில் இருந்தாள். பாண்டி எங்கள் பள்ளியில் படித்தவன்தான். பெரியவனாகி, கம்பெனிகளில் சரம் பின்னும் வேலையை மொத்தமாக எடுத்து வீட்டில் ஆள் வைத்துச் செய்துகொண்டிருந்தான்.

நான் சொல்லும் சம்பவத்துக்கு முந்திய வருடம், விதி வருவதற்கு முன்பு, பாண்டி கேட்டுக்கு வந்து பெரியம்மா இறந்துவிட்டாள் என்று கண்ணீர் விட்டு அழுதிருக்கிறான். அன்று அங்கே நின்ற டீச்சர் மனம் இளகிப் பிள்ளையை அனுப்பிவிட்டார். பெரியம்மா நன்றாகத்தான் இருந்தாள். முத்துச்செல்வி ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது அவள் நகங்களுக்கடியில் மருந்து ஏறியிருந்தது.

மறுநாள் காலை பேச்சியம்மாள் வேலைக்குப் போகிற கோலத்தில், கையில் தூக்குவாளியோடு, ஆபீஸ் அறை வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், ஒண்ணு சொல்லிட்டுப் போயிருதேன். இனிமே நான் வந்து நின்னாத்தான் பிள்ளைய விடணும்."

"உங்க தம்பி வந்தா?"

"அவன் வந்தாலும்தேன். அவன் கெட்டவன் இல்ல டீச்சர். எங்களுக்குச் சோறு போடுறவன். ஆனா சீசன் வந்துட்டா ஆர்டருக்குப் பயந்து புத்தி பெரண்டு போகும். எனக்குத் தெரியாமத்தேன் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சிருக்கான். நான் அந்த வாரம் ரெண்டு நேரமும் வேலைக்குப் போனேன், பிள்ளை பள்ளிக்கூடம் போகுதுன்னே நெனச்சேன்."

"சரிம்மா. நாங்க பாத்துக்கிடுதோம்."

அவள் நகரவில்லை. தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் செத்துக் கெடக்கேன்னு வந்து சொன்னாலும் விடாதீக."

"என்ன பேச்சு இது பேச்சியம்மா? காலங்காத்தால."

"சொல்லணும் டீச்சர். எங்க பொழப்புல அது ஒண்ணுதேன் யாரும் மறுத்துக் கேக்க மாட்டாத சங்கதி. நாளைக்கு அதச் சொல்லித்தேன் கூட்டியாந்து உக்கார வப்பாக. விடமாட்டேன்னு சொல்லுங்க."

"விடமாட்டேன்" என்றேன். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அவள் உள்ளங்கை உப்புத்தாள்போல் சொரசொரவென்று இருந்தது.

அதற்கடுத்த சீசனில்தான் அந்த மதியம் வந்தது. சிஸ்டர் கூட்டத்துக்காக மதுரைக்குப் போயிருந்தார். பள்ளி என் பொறுப்பில் இருந்தது. சத்துணவு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பியிருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஜெசிந்தா, உங்களைப்போலப் புதிதாக வந்தவள், நன்னெறிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பொய் சொல்லக் கூடாது என்ற பாடம். பிள்ளைகள் சேர்ந்து சொல்லும் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது கேட்டைக் காக்கும் மாரியம்மா ஆயா வேகமாக வந்தாள்.

"டீச்சர், முத்துச்செல்வி மாமன் வந்து நிக்கான். என்னத்தையோ சொல்லுதான். எனக்கு ஒண்ணும் புரியல, நீங்க வாங்க."

பாண்டி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"டீச்சர், பிள்ளைய அனுப்புங்க. அக்காவுக்குத் தீக்காயம். பெரியாஸ்பத்திரில கெடக்கு. பிள்ளையக் கேக்குது."

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம். பேச்சியம்மாள் பயந்த அதே மாதிரிச் சேதியை அவள் தம்பியே கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறான். அதுவும் சீசன் உச்சத்தில் இருக்கும்போது. போன வருடம் பொய் சொல்லும்போது அழுதவன், இப்போது கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நிற்கிறான். தரையைப் பார்த்துத் திக்கித் திக்கிப் பேசுகிறான்.

"எப்ப நடந்துச்சு?"

"காலையில. மருந்து ரூம்ல."

"ஒரு சத்தமும் கேக்கலையேப்பா."

"இங்கன என்னைக்கு டீச்சர் சத்தம் கேக்காம இருந்துச்சு?"

அதுவும் உண்மைதான். கம்பெனிகளில் தினமும் சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பார்கள். எங்கள் பிள்ளைகள் சத்தம் கேட்டால் தலையைக்கூடத் தூக்காமல் எழுதிக்கொண்டிருக்கும். காலையில் கேட்ட சத்தங்களில் எது எதுவென்று நான் கண்டேனா?

இப்போது என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவன் சொல்வது பொய் என்றால், பிள்ளையை அனுப்பினால் நான் அவள் தாய்க்குக் கொடுத்த வாக்கு போச்சு, பிள்ளை மறுபடியும் மருந்துக்கு நடுவே உட்காரும். அவன் சொல்வது உண்மை என்றால், நான் கேட்டைப் பூட்டிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு தாய் மகளைக் கேட்டுக்கொண்டே போய்ச் சேரலாம். இரண்டில் எது நடந்தாலும் அதைத் திருத்த முடியாது. பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அன்று எங்கள் ஊரில் செல்போன் முதலாளிமார் சட்டைப் பையில்தான் இருந்தது. பள்ளியில் ஒரு போன் உண்டு. ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பேச்சியம்மாள் வேலை பார்த்த கம்பெனிக்கு அடித்தேன். மணி ஒழுங்காக அடிக்கும் முன்பே ஒருவர் எடுத்தார்.

"உங்க கம்பெனியில ஏதும் விபத்தா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லையேம்மா. வேலை எப்பவும்போல நடக்கு. யாரு பேசுறது?"

பதில் சொல்லும் முன் வைத்துவிட்டார். ஆயா என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப பொய்தானா டீச்சர்? நான் போயி அவன வெரட்டவா?"

நான் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றேன். ஏதோ உறுத்தியது. அந்தக் கம்பெனிக்கு நான் முன்பும் போன் செய்திருக்கிறேன், ஆண்டு விழா நன்கொடை விஷயமாக. சீசனில் அங்கே போனை எடுக்கவே ஆள் இருக்காது. எடுத்தாலும் லோடு ஏற்றுகிற கூச்சல், லாரி இரைச்சல், யாரோ யாரையோ 'ஏலே' என்று கூப்பிடுகிற சத்தம் எல்லாம் சேர்ந்து காதை அடைக்கும். இன்று அந்த மனிதர் பேசியபோது அவருக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒரு வெடிக் கம்பெனி மத்தியானத்தில் அமைதியாக இருக்கிறது என்றால் அங்கே வேலை நடக்கவில்லை. போனுக்குப் பக்கத்திலேயே ஒருவர் காத்து உட்கார்ந்திருக்கிறார் என்றால், ஒன்றும் இல்லை என்று சொல்வதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஆனாலும் அது என் ஊகம். ஊகத்தை நம்பி ஒரு பிள்ளையை ஒருவன் கையில் கொடுக்க முடியுமா? அப்போதுதான் பேச்சியம்மாள் சொன்ன வார்த்தையைத் திரும்ப யோசித்தேன். விடாதீக என்றுதான் சொன்னாள். கூட்டிக்கொண்டு வராதீக என்று சொல்லவில்லை.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். "நான் வெளியே போறேன். நான் வர்ற வரைக்கும் நீதான் பொறுப்பு. எந்தப் பிள்ளையையும் விடாதே. மணிய அதோட நேரத்துக்குத்தான் அடிக்கணும். பயத்துல முன்கூட்டி அடிச்சேன்னா ஊர்ல அம்புட்டுத் தாய்மாரும் பிள்ளைகளுக்கு என்னவோன்னு விழுந்தடிச்சு ஓடி வருவாக."

"மேடம், இன்சார்ஜ் பள்ளிய விட்டுப் போகக் கூடாதுன்னு சிஸ்டர்..."

"சிஸ்டர்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

அவள் பாவம், அழும் நிலையில் இருந்தாள். ஆனால் சமாளித்தாள். அன்று மணி சரியான நேரத்துக்குத்தான் அடித்திருக்கிறாள்.

முத்துச்செல்வியை வகுப்பிலிருந்து அழைத்தேன். "அம்மாவைப் பாத்துட்டு வருவோம் வா" என்றேன்.

"மணி அடிக்கலையே டீச்சர்."

"பரவாயில்ல, நான் கூட வாரேன்."

"பைய எடுத்துக்கிடவா?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. "வேண்டாம். இங்கனயே இருக்கட்டும், வந்து எடுத்துக்கலாம்" என்றேன்.

பாண்டி தன் வண்டியைத் திருப்பி, பிள்ளையை முன்னால் ஏற்றக் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. எதிரே டீக்கடையில் நிற்கும் ஆட்டோக்காரர் எங்கள் பிள்ளைகளை வருடக்கணக்கில் ஏற்றி இறக்குபவர். அவரைக் கூப்பிட்டேன். "நீ வண்டியில வா பாண்டி. நாங்க இதுல வாரோம். ஆஸ்பத்திரியில பாப்போம்" என்றேன். நான் அவனை நம்பவில்லை என்பது அவனுக்குப் புரிந்திருக்கும். வண்டியைக் கிளப்பினான். பிள்ளையின் கையை நான் விடவேயில்லை. வியர்வையில் இரண்டு கையும் ஒட்டிக்கொண்டிருந்தன.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்ற நேரத்தில்தான் எதிர்ப்பக்கச் சாலையோரமாகப் பெண்கள் கூட்டமாக வருவதைப் பார்த்தேன். கை, முகமெல்லாம் வெள்ளை மருந்துப் பொடி. பாதி பேர் காலில் செருப்பு இல்லை. ஒருத்தி கையிலும் தூக்குவாளி இல்லை. காலையில் கொண்டுபோன தூக்குவாளியை விட்டுவிட்டு வீடு திரும்பும் பெண்ணை எங்கள் பக்கத்தில் நீங்கள் பார்க்கவே முடியாது. உயிருக்குப் பயந்து ஓடியிருந்தால்தான் அது நடக்கும்.

"டீச்சர், இவுக எங்கம்மா கம்பெனி அக்காக" என்றாள் முத்துச்செல்வி. பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை. மாதாவே, இந்த ரயில் சீக்கிரம் போகட்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் பாண்டி எங்களுக்கு முன்பே நின்றிருந்தான். உள்ளே போகும் முன் பிள்ளையை ஓரமாக நிறுத்தி, அவள் உயரத்துக்குக் குனிந்து சொன்னேன். "அம்மாவுக்கு உடம்பெல்லாம் துணி சுத்தியிருப்பாக. பாத்துப் பயந்துராத. தொடக் கூடாது, வலிக்கும். அம்மா கண்ண மட்டும் பாரு. கண்ணு அம்மா கண்ணாத்தான் இருக்கும்." தலையாட்டினாள். அப்படிச் சொல்லிக் கூட்டிப் போனதைத்தான் அன்று நான் செய்த உருப்படியான காரியமாக இப்போதும் நினைக்கிறேன். சின்னப் பிள்ளையை உள்ளே விட முடியாது என்று நர்ஸ் மறித்தார். "நான் இவ டீச்சர். நான் கையில பிடிச்சிருக்கேன், அழ மாட்டா" என்றேன். வழி விட்டார்.

பேச்சியம்மாளுக்கு நினைவு இருந்தது. மகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த நிலையிலும் அவள் முகத்தில் வந்தது பயம்.

"யாரு... விட்டது?"

"யாரும் விடல பேச்சியம்மா. கையப் பிடிச்சு நானே கூட்டியாந்திருக்கேன். இந்தா, இன்னும் விடல."

என் கையைத் தூக்கிக் காட்டினேன், அவள் மகளின் கையோடு சேர்த்து. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பயம் போய்விட்டது.

"சாப்பிட்டியாம்மா?" என்று மகளைக் கேட்டாள்.

"சாப்பிட்டேன். இன்னைக்கு முட்டை போட்டாக."

"முழுசா தின்னியா?"

"ம்."

கட்டிலின் கால்மாட்டில் பாண்டி நின்றுகொண்டிருந்தான். பேச்சியம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"இனிமே தம்பி வந்தா விடுங்க டீச்சர்."

அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. பாண்டிக்கும் புரிந்தது. கேட்டில் வராத அழுகை அப்போதுதான் வந்தது அவனுக்கு. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். மறுநாள் விடியும் முன் பேச்சியம்மாள் போய்விட்டாள்.

பின்னால் சில பேர் என்னிடம் கேட்டார்கள், முதலிலேயே அவனை நம்பிப் பிள்ளையை அனுப்பியிருக்கலாமே, எவ்வளவு நேரம் வீணாகிவிட்டது என்று. எனக்கு அதில் வருத்தமில்லை. அனுப்பியிருந்தால் அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்னதாகப் போயிருக்கும், உண்மைதான். ஆனால் பேச்சியம்மாள் கடைசியாக மகளைப் பார்த்தபோது, யாரோ கேட்டைத் திறந்து விட்டுவிட்டார்கள் என்ற பயத்தோடு பார்த்திருப்பாள். மதுரையிலிருந்து வந்த சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பொறுப்பாளர் பள்ளியை விட்டுப் போனது தவறு என்று சொன்னார். பிறகு கெபிக்கு முன்னால் எனக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். அவர் அப்படித்தான்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். விதியை மீறச் சொல்லவில்லை. விதி யாருக்காகப் போட்டதோ அவர்களை மறந்துவிடாதீர்கள். கொடுப்பதா மறுப்பதா என்று உங்களுக்குத் தெரியாதபோது, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். அதற்காக யார் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

காரியமெல்லாம் முடிந்து முத்துச்செல்வி பள்ளிக்கு வந்தபோது அவள் பை ஜெசிந்தாவின் அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். அன்று மாலை பாண்டி கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். "மணி அடிச்சாச்சா டீச்சர்?" என்று கேட்டான். அடித்துப் பிள்ளைகள் பாதி போயிருந்தார்கள், அது அவனுக்கும் தெரியும். "அடிச்சாச்சுப்பா, கூட்டிட்டுப் போ" என்றேன். மணிக்கு முன்னால் அவன் ஒருநாளும் வந்ததில்லை.

அடுத்த வருடம் மறுபடி சீசன் வந்தது. காலைச் செபத்துக்குப் பிறகு வழக்கம்போல எல்லாப் பிள்ளைகளின் நகத்தையும் பார்த்தேன். முத்துச்செல்வியின் நகத்தை இரண்டு முறை பார்த்தேன், மறைக்க விரும்பவில்லை. சுத்தமாக இருந்தது. இதை அவள் வீட்டில் சொல்லியிருப்பாள்போல. ஒருநாள் காலை நான் கேட்டில் நிற்கும்போது பாண்டி அவளை வண்டியிலிருந்து இறக்கினான். இறக்கியதும் அவள் இரண்டு கைகளையும் பிடித்து, விரல்களை விரித்து, நகங்கள் எனக்குத் தெரியும்படி கம்பிக்கு மேலாகத் தூக்கிக் காட்டினான்.

"பாத்துக்கோங்க டீச்சர்."

அன்று மட்டும் நான் பார்க்கவில்லை. கேட்டைத் திறந்து, "உள்ள வாம்மா, செபத்துக்கு நேரமாச்சு" என்றேன்.